இளங்கொடி போன இடம்

பெட்டைக் குதிரைகள் இரவில்தான் குட்டி போடும் என்று படித்திருந்தேன். ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகே ஈனும் என்ற வரிக்குக் கீழே கோடும் போட்டு வைத்திருந்தேன். எங்கள் குதிரை அந்தப் புத்தகத்தை வாசிக்கவில்லை. காலை ஏழு மணிக்கு, நானும் அப்பாவும் லாயத்து வாசலில் கோப்பியோடு நிற்க, வெயில் பளிச்சென்று விழுந்திருக்க, வைக்கோலில் சரிந்து படுத்து முக்கத் தொடங்கியது.

"தம்பி, கோப்பியை வை," என்றார் அப்பா. "உவ முடிச்சுப்போட்டுத்தான் எழும்புவா."

இத்தாலியில், பலெர்மோவில் இருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணித்தியாலம் மலைப்பக்கம் ஏறினால் வரும் இடம் அது. ஒரு பிரபுவின் காணியாகக் கிடந்ததை அந்தக் காலத்து அரசாங்கம் துண்டு துண்டாகப் பிரித்து, நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்து, ஒரே அச்சில் வார்த்த வீடுகளை இரண்டு வரிசையாகக் கட்டி, கதவுகளில் நம்பர் அடித்து ஆட்களைக் குடியேற்றியது. இந்தக் கதையை எனக்கு விளங்கப்படுத்தப் பண்ணைக்காரிக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. அப்பாவுக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. அவர் வன்னியில், குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் கொடுத்த குடியேற்றத்திட்டத்தில் பிறந்தவர். இந்தப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இது கொலனியெல்லோ!" என்றாராம். அன்றிலிருந்து அங்கே ஒருவருக்கும் பெயர் இல்லை, நம்பர்தான். ஒன்பதாம் நம்பர்க்காரன் திராட்சைக்கு இன்னும் மருந்தடிக்கவில்லை, ஆறாம் நம்பர்க்காரிக்குக் கால் வருத்தம், இப்படி.

நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் பண்ணைக்காரி பதினாலாம் நம்பர். நாற்பது வயது சொச்சம், லொறி ஓட்டிய கைகள், நாய்க்கும் மனுசருக்கும் ஒரே சத்தம். திராட்சை வரிசைகளை உழவும் கலியாண வண்டில் இழுக்கவும் பாரக் குதிரை வளர்க்கிறா. அவவின் ஆசை முழுக்க கிளைட்ஸ்டேல் குதிரையில். ஸ்கொட்லாந்தின் குளிரில் உண்டான சாதி அது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை மயிர் பாவாடை மாதிரித் தொங்கும். குளம்பு ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. இருந்தது ஒரே ஒரு பெட்டை. வடக்கில் இருந்து பெட்டியில் வந்த ஆண் குதிரையின் விந்து இரண்டு தரம் பிடிக்கவில்லை, மூன்றாம் தரம் பிடித்தது. சிஞ்ஞோராவின் பண்ணை என்றால் அந்தப் பெட்டையும் அதன் வயிறும்தான். மிச்சமெல்லாம் வைக்கோல்.

நான் அங்கே போனது அப்பாவின் மகனாக இல்லை. பல்கலைக்கழகத்தில் கால்நடை வளர்ப்பு படிக்கிறேன். பண்ணையில் இத்தனை மணித்தியாலம் வேலை பழகிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது பாடத்தின் விதி. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அம்மா மூன்றோடு. எங்கள் வீட்டில் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை பார்த்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கும்.

குட்டி இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. ஆண் குட்டி. முன்கால் இரண்டு, பிறகு மூக்கு, எல்லாம் புத்தகத்தில் இருந்த ஒழுங்கு. எழும்பி நாலு தரம் விழுந்து, ஐந்தாம் தரம் சுவரில் சாய்ந்து நின்று எங்களைக் கோபமாகப் பார்த்தது. தொப்புளுக்கு அயடீன் வைத்தேன். எட்டேகாலுக்கு இளங்கொடி, குட்டியைச் சுற்றியிருந்த நஞ்சுக்கொடி, விழுந்தது. நேரத்தைக் கொப்பியில் எழுதினேன். இளங்கொடியை மிருக வைத்தியர் விரித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் அதை ஒரு வாளியில் எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். ஏன் வைக்கிறேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. குட்டியைப் படம் எடுக்கப் போய்விட்டேன்.

இரவுக் காவல் முடிந்து எட்டே முக்கால் பஸ்ஸில் அப்பா வீட்டுக்குப் போனார். சந்தோசமாகக் கை காட்டினார். தோளில் ஒரு தீன்சாக்கு. நான் திருப்பிக் கை காட்டினேன்.

பத்தரைக்கு வைத்தியர் வந்தா. மெலிந்த, வேகமான பெண். தாயைப் பார்த்தா, குட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்து, "இளங்கொடி எங்கே?" என்றா.

வாளி வெறுமையாக இருந்தது.

"நாய்!" என்று சிஞ்ஞோரா கத்தினா. "அந்தத் திருட்டு நாய்தான்!" மூவரும் நாயைத் தேடி ஓடினோம். அது திராட்சைக்குள் நித்திரை. வைத்தியர் அதன் வாயைத் திறந்து மோந்தும் பார்த்துவிட்டு, "இவன் இல்லை," என்றா. நாய் மறுபடி படுத்துக்கொண்டது.

பிறகு வைத்தியர் என்னிடம் மெதுவாகச் சொன்னா. மெதுவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. "ஒரு துண்டு உள்ளே நின்றிருந்தால் அது அழுகும், காய்ச்சல் வரும், பிறகு குளம்புக்கு இறங்கும். சின்னக் குதிரை என்றால் தப்பும். இந்தப் பாரத்துக்குக் குளம்பு போனால் எழும்பாது. முழுசா விழுந்ததா என்று தெரியாமல் சும்மா கையை விட்டுக் கிண்ட எனக்கு விருப்பமில்லை. அதுவும் ஆபத்து. நீ பார்த்தாயா?"

"நேரம் எழுதினேன்," என்றேன்.

சிஞ்ஞோரா அந்த வெறும் வாளியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தா.

அப்போதுதான் அந்தத் தீன்சாக்கு என் மண்டையில் ஏறியது. எங்கள் ஊரில் மாடு கன்று போட்டால் இளங்கொடியை மண்ணில் போட மாட்டோம். சாக்கில் கட்டிப் பாலுள்ள மரத்தில், ஆலமரம் என்றால் விசேசம், உயரத் தூக்கிக் கட்டுவோம். அப்படிக் கட்டினால்தான் தாய்க்குப் பால் வற்றாது. பலெர்மோவின் கால்சாப் பகுதியில், கடற்கரைப் பக்கத்துப் பூங்காவில், விழுதுகள் நிலத்தில் இறங்கிய பெரிய ஆல் ஒன்று நிற்கிறது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும்.

அப்பா போன் எடுக்கவில்லை. அம்மாவுக்கு அடித்தேன். அவ கால்சாவில் ஒரு கிழவியின் வீட்டில் வேலை.

"அம்மா, அப்பா எங்கை?"

"உங்கை பார்க்கிலை எண்டு இப்பத்தான் எடுத்தவர். ஏணி இருக்கோ எண்டு கேட்டார். இந்த வீட்டிலை எங்கையப்பா ஏணி எண்டு சொல்லிப் போனை வைச்சிட்டன். ஏன் ராசா?"

"ஓடுங்கோ அம்மா! அவரைக் கட்டவிடாதேங்கோ!"

"என்னத்தை?"

"குதிரையின்ர இளங்கொடியை!"

"பஸ்ஸிலையோ கொண்டு வந்தவர்?" என்று அம்மா கேட்டா. பிறகு கதவு அடிபட்டது, படிகளில் செருப்புச் சத்தம், மூச்சு வாங்கல். போனைக் காதில் இருந்து எடுக்காமலே நாலு மாடி இறங்கினா. எங்கள் பக்கத்தில் மூன்று பேரும் என் போனைச் சுற்றிக் குனிந்து நின்றோம். தமிழ் விளங்காத இருவரும் என்னைவிடக் கவனமாகக் கேட்டார்கள்.

அங்கே, அம்மா பிறகு சொன்னபடி, அப்பாவுக்கும் பூங்காக் காவலாளிக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. ஆலைச் சுற்றி இரும்பு வேலி. அப்பாவின் இத்தாலியன் வேலைக்குப் போதும், விளக்கத்துக்குக் காணாது. "குதிரை அம்மா. பால். நல்லது," என்று சாக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார். காவலாளி, "உள்ளே என்ன, உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டுப் பின்னுக்குப் போகிறான்.

"இஞ்சேருங்கோ!" அம்மாவின் குரல். "விசரே உங்களுக்கு? சாக்கைத் தாருங்கோ!"

"இவனோடை கதைச்சு ஒரு மாதிரிச் சரிக்கட்டி வாறன். நீ ஏனப்பா இடையிலை!"

"டொக்டருக்கு வேணுமாம்!"

"டொக்டருக்கு இது என்னத்துக்கு?"

நான் போனில் கத்தினேன். "அப்பா! பிஞ்சிருக்கோ எண்டு பாக்கோணும். உள்ளை துண்டு நிண்டால் குதிரை போயிடும்."

அப்பாவின் குரல் உடனே இறங்கிவிட்டது. "அதை ஏனடா தம்பி எனக்குச் சொல்லேல்லை? நீ படிச்ச பிள்ளை, உனக்கு அருவருப்பாக்கும், அதுதான் மூலையிலை வைச்சிட்டுப் போட்டாய் எண்டு நினைச்சன்."

"சொல்லியிருக்கோணும் அப்பா," என்றேன்.

வைத்தியர் என் கையில் இருந்த போனைப் பறித்தா. "வீடியோ போடச் சொல்லு. இங்கே கொண்டு வரும் வரைக்கும் காத்திருக்க ஏலாது."

அம்மா ஏப்ரனோடு ஓடி வந்திருந்தா. காவலாளி குப்பை அள்ளும் பெரிய பிளாஸ்டிக் பையைக் கிழித்து விரித்துக் கொடுத்தான். மனுசன் இப்போது எங்கள் பக்கம் சேர்ந்துவிட்டான். பூங்காவின் கல் நடைபாதையில், வேலிக்கு வெளியே, அம்மா குந்தி இருந்து இளங்கொடியை விரித்தா. அப்பா போனைப் பிடித்தார். முதல் இரண்டு நிமிடம் அப்பாவின் நெற்றிதான் தெரிந்தது.

"காற்சட்டை மாதிரி இரண்டு கால் இருக்கும்," என்று வைத்தியர் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். "ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன். இரண்டின்ர நுனியும் மூடி இருக்கோணும்."

அம்மாவின் விரல்கள் அவசரப்படவில்லை. ஆட்டுக்குடல் கழுவுகிற அதே பொறுமை. பெரிய பக்கத்தை நுனி வரை நீவினா. "இது சரி. மூடிக் கிடக்கு." சின்னப் பக்கத்தை நீவினா. நிறுத்தினா. திருப்பிப் போட்டு, இரண்டு கையாலும் பிரித்துப் பார்த்தா.

"தம்பி, இதுக்கு நுனி இல்லை. வெட்டினது மாதிரி இல்லை. பிஞ்ச விளிம்பு. ஒரு உள்ளங்கை அளவு காணாது எண்டு சொல்லு."

நான் சொல்லி முடிக்கும் முன்பே வைத்தியர் கையுறையைத் தோள் வரை இழுத்தாகிவிட்டது.

நான் குதிரையின் தலைப்பக்கம் நின்று வாரைப் பிடித்தேன். அது என் தோளில் தாடையைப் பாரமாக வைத்துப் பெருமூச்சு விட்டது. சிஞ்ஞோரா குட்டியைத் தாயின் கண்ணுக்கு முன்னால் கட்டிப்பிடித்து வைத்திருந்தா. குழாயால் வெந்நீர் போனது, வந்தது, மறுபடி போனது. வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு, யாரோ தூரத்தில் சொல்வதைக் கேட்பவர் மாதிரி நின்றா. பிறகு கையை வெளியே எடுத்தா. உள்ளங்கையில் ஒரு துண்டு. அம்மா சொன்ன அதே அளவு.

போனில் காட்டினேன். "ஓம், அதுதான்," என்று அம்மா சொல்லிவிட்டு, கிழவிக்குச் சோறு வைக்க நேரமாகிறது என்று போய்விட்டா.

"அந்தத் துண்டை எறிஞ்சு போடாதை," என்றார் அப்பா. "குறையாக் கட்டக் கூடாது. நான் அடுத்த பஸ்ஸிலை வாறன்."

"உங்கள் அப்பா என்ன சொல்கிறார்?" என்று வைத்தியர் கேட்டா. சொன்னேன். அவ கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தா. "நான் பார்த்து முடிந்தது. இனி அவர் விருப்பம். ஆனால் நான் போன பிறகு."

பின்னேரம் அப்பா சாக்கோடு திரும்பி வந்தார். ஆல் இல்லாத இடத்தில் அத்தியும் பாலுள்ள மரம்தானே என்று, லாயத்துக்குப் பின்னால் நின்ற அத்தியில் கட்டினார். ஏணியைப் பிடித்தது சிஞ்ஞோரா. காலையில் வந்த கோபம் எல்லாம் அவவுக்கு அப்போதுதான் வாய்க்கு வந்தது. ஏணியைப் பிடித்தபடியே அப்பாவையும் என்னையும் திட்டினா. அப்பா மேலே நின்று "ஓம் சிஞ்ஞோரா, ஓம் சிஞ்ஞோரா" என்று முடிச்சுப் போட்டார். கீழே நின்ற நான், பிழை என்னுடையது என்று சொன்னேன். "அது எனக்குத் தெரியும்!" என்றா.

ஊசியும் மருந்தும் நடந்தது. மூன்று நாள் கண்டம் என்று வைத்தியர் சொல்லியிருந்தா. காய்ச்சல் பார்ப்பது, குளம்பைத் தொட்டுப் பார்ப்பது, இரண்டும் என் வேலை. குளம்பு சுட்டால் உடனே போன் அடிக்க வேண்டும். முதல் நாள் பின்னேரம் உடம்பு கொஞ்சம் சுட்டது, குளம்பு சுடவில்லை. இரண்டாம் நாள் தீன் தின்றது. ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளை மயிரை விலக்கி, கையை வைத்து, மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். கொப்பியில் எழுதுவேன். எழுத முன்னம் சிஞ்ஞோராவுக்கும், அப்பாவுக்கும், போனில் அம்மாவுக்கும் சொல்லிவிடுவேன்.

நாலாம் நாள் காலை லாயத்து வாசலில் சிஞ்ஞோரா எனக்கு முதலே வந்து நின்றா. உள்ளே வரவில்லை. நான் குனிந்து முன்கால் இரண்டையும், சுற்றி வந்து பின்கால் இரண்டையும் தொட்டேன்.

"குளிர்ந்து கிடக்கு," என்றேன்.

"நாலுமா?"

"நாலும்."

என்னைக் கட்டிப்பிடிக்கப் போகிறா என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன். அவ என்னைக் கடந்து போய்க் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டா. அந்தப் பக்கம் குட்டி, ஒருவரையும் சட்டை செய்யாமல், வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.