ஒரு முதலாளிக்கு மட்டும்

அருள்நாயகத்தின் முதல் வேலை அனுமதிப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. பெயர் குறிப்பிட்ட நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் வேலை செய்யக்கூடாது. 2017இல் டோகாவிலிருந்து ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது அந்த வரி அவருக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. வேலை தேடி அலையத் தேவையில்லை. முதலாளியும் தமிழர்.

அவர் கல்லடியில் பிறந்தவர். கட்டாரில் எட்டு வருடம் இருந்தவர். வரைபடத்தைப் பார்த்து எவ்வளவு கொங்கிறீற், எவ்வளவு கம்பி, எத்தனை ஆள், எத்தனை நாள் என்று விலை போடுவது அவரது தொழில். இங்கே அதற்கு எஸ்ரிமேற்றர் என்று பெயர். ஸ்ரீதரனின் நிறுவனம் டோர்செட் பார்க்கில், கென்னடி வீதிப் பிளாசா ஒன்றின் பின்பக்கம் இருந்தது. அத்திவாரங்களும் வாகனத் தரிப்பிடங்களும் கட்டுகிறவர்கள். ஸ்ரீதரன் எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறையில் ஆறு பேரோடு படுத்தெழும்பி முன்னுக்கு வந்தவர். அதை வாரத்துக்கு ஒருமுறை சொல்வார். கஷ்டப்பட்டவன் மற்றவனின் கஷ்டத்தை உணர்வான் என்று நாம் நம்புகிறோம். இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் மிகக் குறைவு.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விலையை யார் போட்டாலும், ஒப்பந்த வேலைக்கு அனுப்புகிற கேள்விப்பத்திரத்தின் முதற்பக்கத்தில் ‘தயாரித்தவர்: ஸ்ரீதரன்’ என்றே போகும். இன்னொரு வழக்கம், நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கிறவர் தன் அனுபவக் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து கொண்டுவருவார், முதலாளி வாசிக்காமலே கையெழுத்து வைப்பார். அருள்நாயகமும் அப்படித்தான் கொண்டுபோனார்.

“உன்ர புளுகை நீயே எழுதிக்கொண்டு வந்திட்டாய், என்ன?” என்று சிரித்துக்கொண்டு ஸ்ரீதரன் ஒப்பம் வைத்தார். அதில் புளுகு எதுவும் இருக்கவில்லை.

2019 மே மாதம் குடிவரவு அதிகாரி ஒருவர் அந்தக் கடிதத்தைச் சரிபார்க்க அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்ரீதரன் ஆங்கிலத்தில் சொல்வது அருள்நாயகத்துக்குக் கேட்டது. “எஸ்ரிமேற்றரோ? இல்லை, அவன் சைற்றில ஹெல்ப்பர்.” வேறு யாரையோ பற்றிய பேச்சு என்று நினைத்து அவர் தன் கணக்கைத் தொடர்ந்தார். மூன்று கிழமை கழித்துக் குடிவரவிலிருந்து அவருக்கு வந்த கடிதத்தில் அதே வாசகம் இருந்தது. கூலி வேலை அனுபவம் இந்தத் திட்டத்தில் செல்லாது. மறுப்பதற்கு ஆதாரம் இருந்தால் முப்பது நாட்களுக்குள் அனுப்பலாம்.

“அண்ணை, ஏன் அப்பிடிச் சொன்னீங்க?”

“பேப்பர் கிடைச்சா நீ என்னட்டை நிப்பியோ? எல்லாரும் ஓடினவங்கள்தானே. இன்னும் ரெண்டு வருசம் இரு, பிறகு பாப்பம்.”

இரண்டு வருடத்தில் தான் போட்ட நூற்றுச் சொச்சம் விலைப்பத்திரங்களை அருள்நாயகம் புரட்டினார். எதிலும் அவர் பெயர் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அனுமதி முடிந்ததும் அவர் டோகாவுக்கே திரும்பினார். பிறம்ரனில் வேறொரு நிறுவனம் அழைத்து அவர் மறுபடி வர மூன்று வருடம் ஆனது. குடும்பம் வந்து சேர இன்னும் இரண்டு. ஒன்பது வயதில் விட்டுவந்த மகள் தேனுகா பதினாறு வயதில் விமான நிலையத்தில் அவருக்குக் கைகொடுத்தாள். விருந்தினருக்குக் கொடுப்பதைப் போல.

அருள்நாயகம் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. பழி அவரிடம் ஓர் ஒழுங்காகக் குடியேறியது. பிறம்ரனுக்கு வந்த நாள் முதல், ஸ்ரீதரனின் நிறுவனம் எந்தெந்த வேலைக்கு விலை போடுகிறது என்று பார்த்து, அதற்கெல்லாம் அவரும் போட்டார். அங்கே இன்னும் பாவனையில் இருந்தது அவரே கொம்பியூற்றரில் கட்டிக்கொடுத்த கணக்குத்தாள். ஸ்ரீதரன் எங்கே கூட்டுவார், எங்கே கஞ்சத்தனம் பிடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மயிரிழை குறைத்துப் போடுவார். மூன்று வருடத்தில் பதினொரு வேலைகள் கைமாறின. ஒவ்வொரு முறையும் மத்தியானச் சாப்பாட்டை அவர் ருசித்துச் சாப்பிட்டார். இதைத் திறமை என்று சொல்லலாம். உயர்வு என்று சொல்ல முடியாது.

சென்ற தை மாதம் ஒரு ஞாயிறு, நிலக்சி என்ற பெண் இரண்டரை மணிநேரம் பஸ் மாறிப் பிறம்ரனுக்கு வந்து, ஒரு கோப்பிக்கடையில் அவரைச் சந்தித்தாள். இருபத்தேழு வயது. மானிப்பாய்ப் பெண். ஸ்ரீதரனிடம் இப்போது விலை போடுகிறவள் அவள்தான். அவளுடைய அனுமதிப் பத்திரத்திலும் அதே வரி.

“என்னை எப்பிடிப் புள்ள கண்டுபிடிச்ச?”

“அந்தக் கணக்குத்தாளை ஆர் செய்தது எண்டு கொம்பியூற்றர் சொல்லுது அண்ணை. ஃபைலுக்குள்ள போய்ப் பாத்தா உங்கட முழுப் பெயரும் கிடக்கு. எங்கட வேலையளைப் பறிக்கிற கொம்பனியிலயும் அதே பெயர்.”

அருள்நாயகம் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த முப்பது நாளும் அச்சடித்த தாள்களைத்தான் புரட்டினார். கோப்புக்குள் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கொங்கிறீற்றின் நிறையைக் கிலோ பிசகாமல் சொல்கிற மனிதருக்கு, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

நிலக்சி வந்த விஷயத்தைச் சொன்னாள். வேலைகள் கையை விட்டுப் போவதால் கொம்பனியை மூடப்போவதாக ஸ்ரீதரன் மிரட்டுகிறார். மூடினால் அவளுடைய அனுமதி வெறும் கடதாசி. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க இன்னும் ஐந்து மாத அனுபவம் தேவை. “அடுத்த ஒரு வேலையை மட்டும் விட்டுத் தாங்கோவன்.”

“ஏலாது.”

“நீங்கள் அவரை அடிக்கிறீங்கள் எண்டு நினைக்கிறீங்கள். அடி விழுறது எனக்கு.”

அருள்நாயகம் கேட்டார். “சனிக்கிழமையும் வேலையா?”

“ஓம். அவரின்ர வீடு கூட்டித் துடைக்கிறது. பேரப்பிள்ளையளையும் பாக்கவேணும். மாட்டன் எண்டால், ஒரு போன் கோல் போதும், நீ பிளேனில எண்டு வொயிஸ் மெசேஜ் போடுவார்.”

“அந்த மெசேஜெல்லாம் இருக்குதா?”

“கிடக்கு.”

அருள்நாயகத்தின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். ஒரே முதலாளியோடு கட்டப்பட்டு வதைபடுகிறவர்கள், அதைக் காட்டினால் யாரிடமும் வேலை செய்யக்கூடிய திறந்த அனுமதி கேட்கலாம் என்று அவர் விளக்கினார். அதன் பிறகு அரசாங்கம் முதலாளியைச் சோதிக்க வரலாம். குற்றம் கண்டால் பெயரை எல்லோரும் பார்க்கிற பட்டியலில் போடும். வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கவும் தடை வரும். அந்த அலுவலகம் எப்படி நடக்கிறது என்று தானே சத்தியக் கடதாசி முடித்துத் தருவதாகவும் சொன்னார்.

நிலக்சி அவரை உற்றுப் பார்த்தாள். “உங்கட பழிக்கு என்னை ஆயுதமா எடுக்கிறீங்கள் அண்ணை.”

“ஓம்.”

“கொஞ்சம் வெக்கப்பட்டெண்டாலும் சொல்லலாம்.”

“பொய் சொல்லச் சொல்றியா? எனக்கு அவன் விழவேணும். உனக்குப் பேப்பர் வேணும். ரெண்டும் ஒரே கதவாலதான் வரும் புள்ள.”

அவள் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி வந்தாள். குரல் செய்திகள், தன் பெயர் பதிந்த கோப்புகள், வீடு துடைத்த சனிக்கிழமைகளின் தேதிகள். இருவரும் ஆறு ஞாயிறுகள் அதே மேசையில் இருந்து அவற்றை ஒழுங்குபடுத்தினார்கள். விலை போடுகிற இருவர் தயாரித்த கோவை. ஒரு தேதி தவறவில்லை. சித்திரையில் அவளுக்குத் திறந்த அனுமதி வந்தது. ஓக்வில்லில் வேலை எடுத்தாள். நன்றி சொல்ல ஒருமுறை அழைத்தாள், பிறகு அழைக்கவில்லை. அவரை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். அதில் தவறு காண என்னால் முடியவில்லை.

சோதனைக்காரர் ஆனியில் போனார்கள். புரட்டாசியில் பட்டியலில் நிறுவனத்தின் பெயர், விலாசம், தண்டம், இரண்டு வருடத் தடை எல்லாம் வந்தன. அருள்நாயகம் அதைக் கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தார். ஆனால் வேலைக்குப் போகும் வழியெல்லாம் ஒன்று அவரை அரித்தது. இது யார் செய்தது என்று அந்த மனிதனுக்குத் தெரியவேண்டும். தெரியாமல் விழுந்தவன் வெறுமனே விழுந்தவன். ஒரு சனிக்கிழமை காலையில் கென்னடி வீதிக்குக் காரை விட்டார்.

பிளாசாவின் பின்பக்கம் ஸ்ரீதரன் தனியாக நின்று, கொங்கிறீற்றுக்கு அடைக்கும் பலகைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். மூச்சு வாங்கியது.

“ஆர்? ஓ, கட்டார்க்காரன்! எப்ப மறுபடி வந்தனீ?”

“பட்டியல் பாத்தன் அண்ணை.”

“உது முந்தி இஞ்ச வேலை செய்த கிளிபோட்டின்ர வேலை. எனக்குத் தெரியும். அவன் போகேக்கயே கறுவிக்கொண்டு போனவன்.”

“கிளிபோட் இல்ல. நான்.”

ஸ்ரீதரன் பலகையை லொறி விளிம்பில் சாய்த்தார். “உனக்கு நான் என்ன செய்தனான்?”

அருள்நாயகம் சொன்னார். மே மாதம், தொலைபேசி, பலகைத் தடுப்பு, ஹெல்ப்பர் என்ற சொல். ஸ்ரீதரன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிக்கவில்லை. உண்மையாகவே தேடினார்.

“இமிக்கிறேசனோ? அவங்கள் எடுத்தா எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறனான். உனக்கெண்டு தனியாச் சொல்லேல்லை.”

ஆறு வருடமாக அருள்நாயகம் தனக்கென்று காத்துவைத்திருந்த அநியாயம், அங்கே எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட ஒரு விலையாக இருந்தது. இதைக் கேட்டால் சிலர் இளகிவிடுவார்கள். அவர் இளகவில்லை. முன்னைவிட அதிகமாக வெறுத்தார். இன்னாருக்கென்று தெரிந்து செய்தவனிடம் ஒரு மனிதனையாவது காணலாம்.

“சரி, நடந்தது நடந்து போச்சு,” என்றார் ஸ்ரீதரன். “வந்தனீதானே, அந்தப் பக்கம் ஒருக்காப் பிடி. பன்ரெண்டு மணிக்குள்ள லொறியைத் திருப்பிக் குடுக்கவேணும்.”

அருள்நாயகம் ஜக்கெற் பைகளுக்குள் கைகளை விட்டுக்கொண்டார். பலகைகள் இன்னும் இருபது அளவில் கிடந்தன. ஸ்ரீதரன் ஒவ்வொன்றாகத் தூக்கினார். இடையில் இரண்டு தரம் நின்று இடுப்பைப் பிடித்தார், ஒருதரம் திரும்பிப் பார்த்தார். கடைசிப் பலகை ஏறும்வரை அருள்நாயகம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.