சுமேரியாவுக்குக் கீழே ஒரு பானை

ஒரு தொட்டி மண்ணை ஓர் இரவு சும்மா விட்டுவைக்க முடியாதா? அந்தச் சனிக்கிழமை மனதுக்குள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் நகரத்தில் எங்கள் தமிழ்ப் பள்ளி, சனிக்கிழமைகளில் ஓர் அரசுப் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடக்கிறது. அங்கே வரலாற்றுக்கென்று ஒரு வகுப்பு வேண்டும் என்று நெடுநாளாக நச்சரித்துவந்தேன். பிள்ளைகள் பானைப் படத்துக்கு வண்ணம் தீட்டுவார்கள், "வி ஆர் தி ஓல்டஸ்ட்" என்பார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். எதை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்கவைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் நான் படித்தது பி.காம். தொல்லியல், பாத்திரம் கழுவும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்ட உரைகளாலும் நூலகப் புத்தகங்களாலும் என்மேல் ஒட்டிக்கொண்டது. கமிட்டிக்கு நம்பிக்கை வருமா?

கமிட்டித் தலைவர் எங்கள் எல்லாருக்கும் அங்கிள். அவர்தான் கடைசியில் ஒரு வழி சொன்னார். "ஆண்டு விழால ஒரு ஸ்டால் போடும்மா. நல்லா வந்துச்சுன்னா அடுத்த வருஷம் கிளாஸ் உனக்கு. சொதப்பிடுச்சுன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்."

அங்கிள் தங்கமானவர். அவருடைய வாட்ஸ்அப்பில் மட்டும் தமிழனுக்கு மாதாமாதம் வயது ஏறிக்கொண்டே போகும். கேட்டால், "ஏறுனா என்னம்மா, இறங்கலையே" என்பார். இந்தப் பதிலுக்காகவே நான் மறுபடி மறுபடி கேட்பதுண்டு.

ஸ்டாலாக ஓர் அகழாய்வுக் குழியையே கொண்டுவந்துவிட முடிவெடுத்தேன். நீளமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. அடியில் தோட்டக் கடைக் கறுப்பு மண், நடுவில் வெள்ளை மணல், மேலே பேஸ்பால் மைதானத்துக்குப் போடும் செம்மண். கறுப்பு மண்ணுக்குள், களிமண்ணில் ஆப்பு வடிவ எழுத்துகளைக் குத்தி நான் செய்த சுமேரியப் பலகைகள். வெள்ளை மணலில் ஒரே இடத்தில், கீழடியை நினைத்துக்கொண்டு உடைத்த பானை ஓடுகள். செம்மண்ணில் நம் காலத்துச் சோடா மூடி, செத்துப்போன சார்ஜர். இவையெல்லாம் நிஜத்தில் ஒரே குழியில் கிடைக்காது. ஆழம் போகப் போகக் காலம் பழையது என்று பிள்ளைகளுக்குப் புரிந்தால் போதும்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வெள்ளிக்கிழமை மாலையே தொட்டியை வைத்தோம். பானை உடைக்கும்போது உதவிக்கு நின்ற கோயமுத்தூர்க்காரத் தோழி, "காசு குடுத்து வாங்கி ஒடைக்கறீங்களே அக்கா, எங்கூட்டுல ரெண்டு இருக்குது, சும்மாவே ஒடைக்கும், கூட்டியாந்திருப்பனல்லோ?" என்றாள். அவளுடைய பிள்ளைகளைத்தான் சொன்னாள்.

அங்கிள் மேற்பார்வைக்கு வந்தார்.

"நம்ம பானை எங்கம்மா?"

"நடுவுல, அங்கிள்."

"நடுவுலயா? அப்ப நமக்குக் கீழ யாரு?"

"சுமேரியா."

அவர் வீட்டு வாசலில் வேறு யாரோ காரை நிறுத்திவிட்டதைப் போல முகம் போயிற்று. "அவன் எப்படிம்மா நமக்குக் கீழ வருவான்?"

"அவங்க பலகை அதைவிடப் பழசு, அங்கிள்."

"அவனுக்குக் கிடைச்சிருச்சு. நமக்கு இன்னும் கிடைக்கல. அவ்ளோதான் வித்தியாசம்."

"கிடைக்கட்டும் அங்கிள், அன்னைக்கே கீழ வச்சிடறேன்."

"சின்னப் பிள்ளைங்க மனசுல என்ன பதியும், யோசிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் ஸ்டாலில் கூட்டமான கூட்டம். பிள்ளைகளிடம் கரண்டியும் பெயிண்ட் பிரஷும் கொடுத்து, மண்ணின் நிறம் எங்கே மாறினாலும் எனக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். செம்மண்ணில் சோடா மூடி வந்ததற்கே கைதட்டல். அம்மா அப்பாக்கள் வீடியோ எடுத்தார்கள். அப்புறம் வெள்ளை மணல். சுரண்டினார்கள், ஊதினார்கள், கூட்டினார்கள். ஒன்றுமே இல்லை.

"ஆன்ட்டி, இட்ஸ் ஜஸ்ட் சேண்ட்."

வீடியோ எடுத்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து கோலப் போட்டிப் பக்கம் போனார்கள். கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோழி என் காதருகே, "பானைய வெக்க மறந்துட்டீங்களாக்கா?" என்றாள். என் கையால் வைத்த பானை! அங்கிள் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"ஆழமாத் தோண்டச் சொல்லும்மா. இன்னும் ஆழமா."

புரிந்துவிட்டது. "அங்கிள், என்ன பண்ணீங்க?"

"காலைல கொஞ்சம் சீக்கிரம் வந்தேன். சின்ன அட்ஜஸ்ட்மென்ட்."

கத்தியிருப்பேன். தொட்டியின் ஓரத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் குழந்தை முந்திக்கொண்டாள். "ஆன்ட்டி, கலர் மாறுது!"

குனிந்து பார்த்தேன். வெள்ளை மணலுக்கு நடுவே வட்டமாக ஓரிடம். அங்கே சிவப்பு, கறுப்பு, வெள்ளை எல்லாம் கலந்து கிடந்தது.

"சம்படி ஆல்ரெடி டக் ஹியர்!" என்றாள்.

"யாரோ முன்னாடியே தோண்டிட்டாங்கன்னு எப்படிச் சொல்றே?"

"ரெட் மண்ணு மேலதானே இருக்கணும்? அதுவா கீழ போகாது."

அவ்வளவுதான், எல்லாப் பிள்ளைகளும் அந்த வட்டத்தின்மேல் விழுந்தார்கள். கலங்கிய மண்ணையே பிடித்துக்கொண்டு கறுப்பைத் தாண்டி இறங்கினார்கள். பலகைகளுக்கும் அடியில், தொட்டியின் தரையை ஒட்டி, என் பானை ஓடுகள் மொத்தமும் குவியலாகக் கிடந்தன. "ஸோ இது ஓல்ட் இல்ல, யாரோ அப்புறமா புதைச்சிருக்காங்க" என்றான் ஒரு பையன். யார் என்ற விசாரணை உடனே ஆரம்பமாயிற்று. கண்ணாடிக்காரி தரையைப் பார்த்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள்.

"அங்கிள், யுவர் ஷூஸ்!"

வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. நுனியெல்லாம் செம்மண்.

"அட, அங்கிளையே தோண்டி எடுத்துப்போட்டாங்களே!" என்றாள் தோழி. கோலப் போட்டியிலிருந்து ஆட்கள் திரும்பி ஓடிவந்தார்கள். அங்கிள் ஒருமுறை செருமிக்கொண்டு, "டெஸ்ட் பண்ணேன். பிள்ளைங்க கண்டுபிடிக்கிறாங்களான்னு" என்றார். யாரும் நம்பவில்லை. அவரே நம்பவில்லை.

மாலை, தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அங்கிள் பக்கத்தில் வந்து நின்றார். "கிளாஸ் எடுத்துக்கோம்மா. ஆனா மண்ணு வேணாம். ஸ்லைடு போதும்."

"மண்ணு இல்லேன்னா கிளாஸும் வேணாம், அங்கிள்."

சொல்லியே விட்டேன். எத்தனை நாள் அலைந்த வகுப்பு!

அங்கிள் குனிந்து தன் ஷூ நுனியைத் தட்டிவிட்டார். "ஸ்லைடா இருந்திருந்தா என்னைப் பிடிச்சிருக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"சரி, மண்ணோடயே நடத்து. ஆனா பானைய மட்டும்..."

"நடுவுல, அங்கிள்."

தலையில் அடித்துக்கொண்டு, தொட்டியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். பார்க்கிங்கில் வண்டி வரைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தவர், டிக்கியை மூடும்போது கேட்டார்: "அதெல்லாம் சரிம்மா, அந்த சுமேரியாக்காரனுக்கு எழுதக் கத்துக்குடுத்தது யாரா இருக்கும்னு நினைக்கறே?"