பதினாறு அடியும் முப்பத்திரண்டு அடியும்

எங்கள் மாதா கோயில் லோஞ்சின் பற்றரிக்குக் கேபிள் எவ்வளவு மொத்தமாக, எவ்வளவு தடிப்பாக வேண்டும் என்று கணக்குப் பார்த்தது நான்தான் என்று இன்றும் ஊரில் சிலர் சொல்வார்கள். உண்மை. கணக்குப் பார்த்தது நான். படகில் போட்டது அந்தக் கேபிள் அல்ல. இந்த இரண்டாவது பகுதியைச் சொல்ல அன்று என்னைத் தவிர ஒருவரும் இருக்கவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. மட்டக்களப்புப் பட்டினத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குச் சொந்தமாக மர லோஞ்சு ஒன்று இருந்தது. கிழமைக்கு ஒரு நாள் தாதி ஒருவரை மருந்துப் பெட்டியோடு வாவிக்கு அப்பால், படுவான்கரைக்கு, ஏற்றிக்கொண்டு போகும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டைகளில் வேலை செய்கிறவர்கள் காய்ச்சலோடும் பிள்ளைகளோடும் துறையில் காத்திருப்பார்கள். அந்த லோஞ்சின் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டினார்கள். பூட்டியவன் என் மச்சான்.

மச்சான் என்றால் மாமாவின் மகன். பஸ் டிப்போவில் மெக்கானிக். எங்களுக்குக் கலியாணப் பேச்சு முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அம்மா எனக்கென்று வளவுக்குள் கட்டத் தொடங்கிய வீடு கூரை மட்டத்துக்கு எழும்பியிருந்தது. எனக்கும் அவரைப் பிடிக்கும், அதை ஏன் மறைக்க வேண்டும்? அப்போதெல்லாம் ‘அவர்’ என்றுதான் சொல்வேன். இப்போது எழுத உட்கார்ந்தால் ‘அவன்’ என்றே வருகிறது. வரட்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தான். எஞ்சின் படகின் பின்பக்கம். இரண்டு பற்றரியையும் அதன் அருகில் வைத்தால் பின்பக்கம் அமிழ்கிறது என்று முன் வாங்குக்குக் கீழே வைத்திருந்தான். இடைத்தூரம் பதினாறு அடி. கார்களுக்குப் போடும் பென்சில் மொத்தக் கேபிள் கடையில் இருக்கிறது, அது போதாதா என்று கேட்டான்.

கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்தெடுத்தேன். ஸ்டார்ட்டர் இருநூறு அம்பியர் இழுக்கும் என்று எஞ்சினோடு வந்த புத்தகம் சொன்னது. பற்றரியில் இருப்பது பன்னிரண்டு வோல்ற். அதில் அரை வோல்ற்றுக்கு மேல் வழியில் தொலையக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். பிறகு தூரத்தை எழுதினேன்: முப்பத்திரண்டு அடி.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் பாவம் என்று பகிடி பண்ணினான். நான் விடவில்லை. பஸ்ஸுக்கு உடம்பே இரும்பு. பற்றரியிலிருந்து போகும் கரண்ட் அந்த இரும்பு வழியாகவே திரும்பிவிடும். அதனால் டிப்போக்காரர்கள் போகிற வழியை மட்டும் அளந்து பழகிவிட்டார்கள். மரப் படகில் இரும்பு உடம்பு எங்கே? போகப் பதினாறு, வரப் பதினாறு. இவ்வளவு தூரத்துக்குப் பென்சில் மொத்தக் கேபிள் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கணக்கின்படி கட்டைவிரல் மொத்தம் வேண்டும். அது இங்கே கிடையாது, கொழும்புக்கு எழுதித்தான் எடுப்பிக்க வேண்டும்.

சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாளைப் பார்த்தான். நன்றாக நேரமெடுத்துப் பார்த்தான்.

“ஓம் மச்சாள், நீ சொல்லுறதுதான் சரி” என்று தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்த கிழமை, லோஞ்சு போகப்போகிறது என்று கேள்விப்பட்டு, கேபிள் வந்துவிட்டதா என்று கேட்டேன். எல்லாம் சரி என்றான். எல்லாம் சரி என்பது நான் கேட்டதற்குப் பதிலில்லை என்று அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை.

நடந்ததைத் தாதி சொல்லித்தான் அறிந்தேன். காலையில் பட்டினத்துத் துறையில், பற்றரி புதிதாகச் சார்ஜ் ஏறியிருந்தபடியால், எஞ்சின் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிட்டது. திரும்பி வரும்போதுதான் சனியன் பிடித்தது. படுவான்கரைத் துறையிலிருந்து படகைத் தள்ளிவிட்டு, எஞ்சினைப் பார்க்கக் கூடவே போயிருந்த மச்சான் பட்டனை அழுத்த, ஸ்டார்ட்டர் முனகியதே தவிரச் சுழலவில்லை. விடாமல் அழுத்தியிருக்கிறான். வாங்குக்குக் கீழே றப்பர் கருகிப் புகை வந்தது. மருந்துப் பெட்டிதான் எரிகிறது என்று பயந்த தாதி, அதை இழுக்கக் கையை உள்ளே விட்டார். கை கேபிளில் பட்டு உள்ளங்கைத் தோல் அப்படியே உரிந்துவிட்டது. மீன்பிடித் தோணி ஒன்று வந்து படகைக் கட்டி இழுத்தது. கரையில் நின்றவர்கள் இனி இந்தப் படகில் கால் வைக்கமாட்டோம் என்றார்களாம்.

ஞாயிறு பூசை முடிய, கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். டிப்போ போர்மன் முன்வரிசையில் இருந்தார். தாதி கையில் கட்டோடு வந்திருந்தார். இந்தக் கேபிளைத் தீர்மானித்தது யார் என்று சுவாமியார் கேட்டார். மச்சான் எழும்பினான். என் பக்கம் திரும்பவேயில்லை.

“கணக்குப் பாத்துத் தந்தவ டீச்சர்தான் சுவாமி. நான் அவ எழுதித் தந்தபடிதான் போட்டன்.”

அன்றுவரை அவன் வாயில் நான் மச்சாள். எழுந்து, நான் எழுதியது கட்டைவிரல் மொத்தம் என்றேன். தாளைக் காட்டச் சொன்னேன். அது வாவித் தண்ணீரில் நனைந்து போய்விட்டதாம். படிப்பு வேறு, படகு வேறு என்று போர்மன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். மேலே பேச வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டாள். கடவுள் காப்பாற்றினார், இனிக் கவனமாக இருப்போம் என்று சுவாமியார் முடித்துவைத்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்குப் பின்னால் குசுகுசுத்தார்கள். அதைத் தாங்கலாம். றோட்டில் எதிரே வந்த தாதி என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் கடந்து போனார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

சில கிழமைகளில் கொழும்பிலிருந்து கட்டைவிரல் மொத்தக் கேபிள் வந்தது. எடுப்பித்தவன் அவனேதான். எஞ்சின் முதல் அழுத்திலேயே ஸ்டார்ட் ஆனது. மெக்கானிக் கெட்டிக்காரன் என்று ஊர் சொன்னது. அன்று பின்னேரம் கெட்டிக்காரன் எங்கள் கிணற்றடிக்கு வந்தான். முப்பத்திரண்டு அடி என்றதும் டிப்போவில் போர்மன் சிரித்தாராம். பெண்பிள்ளை சொல்லைக் கேட்டுப் படகை அளக்கிறாயா என்றாராம். வெட்கத்தில் பென்சில் மொத்தத்தையே வாங்கிப் போட்டுவிட்டானாம். என் கணக்குத்தான் சரி என்றான்.

“அத என்னட்ட ஏன் சொல்லுறீங்க? எனக்குத் தெரியும்தானே. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில சொல்லுங்க” என்றேன்.

கலியாணம் முடிந்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான். ஞாயிறு வந்தது. பூசை கண்டான், முழந்தாளில் நின்று செபித்தான், வீட்டுக்குப் போய்விட்டான்.

அன்று மத்தியானம், இந்தக் கலியாணம் எனக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“அவன் பாவம் புள்ள. சின்னக் கேபிளத்தான் போட்டிரிக்கன் எண்டு, லோஞ்சு போறதுக்கு முதல் நாளே என்னட்ட வந்து சொன்னவன். உனக்குச் சொல்லவேணாம், நீ கோவிப்பாய் எண்டு நான்தான் தடுத்தன்.”

அப்படியென்றால், போர்மனை விட்டாலும், மண்டபத்தில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்திருக்கிறோம். ஒருவன் பொய் சொன்னான். ஒருத்தி என் கையைப் பிடித்து இருத்தினாள். மச்சானை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அது சுலபம். அம்மாவை எப்படி வேண்டாம் என்பது? அவள் மீனை மூன்று தண்ணீரில் கழுவி எடுத்து, புளி கொஞ்சம் கூடப் போடட்டா என்று கேட்டாள். நான் ஓம் என்றேன்.