பிராகாவைச் செஞ்சிக்குக் கொண்டுவந்தவர்

செய்தி வந்தபோது நான் மேல்மலையனூர் போகும் அமாவாசை சிறப்புப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். கால் வைக்க இடமில்லை. கைப்பைக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தபோதுதான் எடுக்க முடிந்தது. தணிகாசலம் அண்ணன் பேசினார்.

"வளரு, டீச்சர் போயிட்டாங்கம்மா. காபி குடிச்சுட்டு உக்காந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க."

தன் மனைவியை அவர் கடைசி வரைக்கும் டீச்சர் என்றே சொன்னார். நான் வழியிலேயே இறங்கி, எதிரே வந்த பேருந்தில் ஏறிச் செஞ்சிக்குத் திரும்பினேன்.

பூங்கோதை டீச்சரைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செஞ்சிப் பெண்கள் பள்ளியில் அவரிடம் சமூக அறிவியல் படித்தவர்களும், என்னைப் போல அவரோடு வேலை பார்த்தவர்களும்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். "எந்த ஊரும் சும்மா வந்து குந்தாது. ஒரு காரணத்தோடதான் குந்தும்" என்று அவர் வகுப்பில் சொல்வது, பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்திக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். என் மாணவிகளும் செய்யுளை விட்டுவிட்டு அதைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர் குரல் அப்படி.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். டீச்சரின் ஒரே மகள் கயல், போலந்துத் தலைநகரான வார்சாவுக்கு வேலைக்குப் போய், மரெக் என்ற அந்த ஊர்ப் பையனையே கல்யாணம் செய்துகொண்டாள். தணிகாசலம் அண்ணன் உரக்கடை வைத்திருப்பவர். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இங்கேயே பயிர் வைத்த குடும்பம். "ஊரு இன்னா, பேரு இன்னா, ஒன்னுமே தெரியாதவன்" என்று சொல்லிவிட்டு மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மூன்று வருஷம் ஓடிப்போனது. கயலுக்குக் குழந்தை பிறந்தது என்று டீச்சர் சொன்னபோதும் "சரி" என்று மட்டும் சொல்லிக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

டீச்சர் அழவில்லை. ஓய்வுபெற்ற கையோடு பாஸ்போர்ட் எடுத்தார், தனியாக விமானம் ஏறினார். போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் வந்தது.

"வளரு, நான் பிராகாவுல இருக்கறேன்."

"அது வேற நாடாச்சேக்கா?"

"அது செக் நாட்டுக்காரங்க பிராக். இது வார்சாவுல ஒரு பேட்டை. ஆத்துக்கு இந்தாண்டை."

அந்த "இந்தாண்டை" என்ற சொல்லிலேயே அவர் அங்கே குடியேறிவிட்டார் என்று தெரிந்தது. அடுத்த சில மாதங்கள் எனக்குப் போனிலேயே பாடம் நடந்தது. விஸ்துலா ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது பிராகா. ஒரு காலத்தில் அது தனி ஊர், பிறகுதான் வார்சாவோடு சேர்த்தார்களாம். காட்டைக் கொளுத்தித் திருத்திய இடம் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறார்களாம். வார்சாவைப் பிடிக்கக் கிழக்கிலிருந்து வரும் படை முதலில் மிதிப்பது பிராகாவைத்தான். "நம்ம கோட்டை எத்தனை கை மாறிச்சு? இந்தப் பேட்டையும் அப்படித்தான் வளரு. கோட்டை மட்டும்தான் இல்ல" என்றார்.

ஒருநாள் நடக்கப் போனவர் வழி தவறிவிட்டார். எல்லாம் ஒரே மாதிரி பழைய மாடிக் குடியிருப்புகள், நடுவில் முற்றம். ஒரு முற்றத்துக்குள் நுழைந்தால் அங்கே மாதா சிலை. பிளாஸ்டிக் பூ, சீரியல் லைட்டு. நம் தெருமுனைக் கோயில் மாதிரியே இருந்ததால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாராம். நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனார். எலுமிச்சை போட்ட டீயும், கொழுக்கட்டை மாதிரி ஒன்றும் தந்தார். உள்ளே கறி இருக்குமோ என்று டீச்சருக்குச் சந்தேகம். பாஷை தெரியாது.

"மாடு மாதிரி கத்திக் காட்டனேன். இல்லன்னு தலையாட்டுச்சு. கோழி மாதிரி கூவனேன். அதுக்கும் இல்ல. கடசீல அந்தம்மா எழுந்து போயி ஒரு உருளக்கெழங்கு எடுத்தாந்து காட்டுது. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல நாய் பயந்து கட்டிலுக்கு அடியில பூந்துகிச்சு."

ஊர் திரும்பிய டீச்சர் வீட்டில் மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டையும் போடவில்லை. நான் போயிருக்கும் நாட்களில், பேட்டையைப் பற்றி மட்டும் சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சொல்வதுபோல் சொல்வார். அண்ணன் கேட்காததுபோல் சாப்பிடுவார். ஆனால் மோர் ஊற்றிக்கொள்ள முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் காணும் பொங்கலுக்கு நாங்கள் மூவரும் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை ஏறினோம். மேலே ஒரே ஜனம். டீச்சர் மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்து, இரண்டு மலைக்கும் நடுவே போகும் திருவண்ணாமலை ரோட்டைக் காட்டினார்.

"இன்னாங்க, அந்த ரோட்டை விஸ்துலா ஆறுன்னு வெச்சுக்கோங்க. அந்தாண்ட ராஜகிரிதான் அரண்மனை இருக்கற பெரிய டவுனு. நாம குந்தியிருக்கற இந்தாண்ட பிராகா. சண்டையில அந்தாண்ட மொத்தத்தையும் ஜெர்மன்காரன் கொளுத்தித் தரைமட்டமாக்கிட்டான். இந்தாண்ட பெரும்பாலும் தப்பிச்சுது. இங்கேர்ந்து ஜனங்க அது எரியறத பாத்துகினு நின்னாங்க."

அண்ணன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீடுங்க தப்பிச்சுது. ஆளுங்க?"

டீச்சரின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "இங்க இருந்த யூதருங்களை முன்னாடியே அந்தாண்ட ஓட்டிகினு போயி அடைச்சுட்டான். திரும்பி வந்தவங்க ரொம்பக் கொஞ்சம். மத்தவங்க சாயங்காலம் ஆனா ரோட்டுல நடக்கக்கூடாதுன்னு சட்டம். கோயிலுக்குப் போக முடியாம முற்றத்துல மாதாவ வெச்சுக் கும்பிட்டாங்க. மரெக்கோட கொள்ளுப்பாட்டியும் அப்படிக் கும்பிட்டவங்கதான். கயலு இப்ப இருக்குதே, அதே வீட்டுல."

"அதே வீடா?"

"அதே வீடு. நாலு தலைமுறையா."

கரும்பு கடித்துக்கொண்டு ஒரு குடும்பம் எங்களைத் தாண்டிப் போனது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாலு தலைமுறையா ஒரே எடத்துல இருக்கறவன், ஊரு உள்ள பையன்தான்" என்றார். என்னைப் பார்த்து, "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லம்மா இந்த டீச்சரு?" என்று குறைபட்டுக்கொண்டார். டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார்.

கோடையில் இருவரும் வார்சா போனார்கள். விமான நிலையத்தில் மரெக் பூங்கொத்தோடு நின்றிருந்தான். கயல் தமிழ் சொல்லிக்கொடுத்திருந்தாள். மரியாதைச் சொற்கள்வரை அந்தப் பாடம் வரவில்லை போலும். மாமனாரைக் குனிந்து கும்பிட்டுவிட்டு, உரக்கக் கேட்டான்:

"மாமா, சாப்டியா?"

அண்ணன் திகைத்துப்போனார். கயல் "நைனா..." என்று பதறினாள். அண்ணனுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "சாப்டேன்டா, சாப்டேன். நீ சாப்டியா?" என்று அவன் தோளில் கை போட்டார். "அந்த ஒரு சாப்டியாவுல மூணு வருஷம் கரைஞ்சுபோச்சு வளரு" என்று டீச்சர் என்னிடம் சொல்லும்போதுதான் முதல்முறையாக அவர் கண் கலங்கிப் பார்த்தேன். அண்ணன் பிராகாவின் பழைய சந்தைக்குப் போய்த் தமிழிலேயே பேரம் பேசி, ஒரு குல்லாய் வாங்கிவந்த கதையை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதும் சொல்வார்.

சென்ற வருஷம் என் மகன் சென்னைக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கினான். போய்ப் பார்த்து, அங்கிருந்தே டீச்சருக்குப் போன் செய்து, "ஊராக்கா இது? வெறும் கட்டடமா இருக்குது" என்று புலம்பினேன்.

"கீழ எறங்கனியா?"

"இல்ல."

"எறங்கிப் போயி நாலு பேரைக் கேளு. தண்ணி எங்கேர்ந்து வருது, மழ பேஞ்சா எங்க போவுதுன்னு கேளு. அப்புறமா வந்து திட்டு" என்று போனை வைத்துவிட்டார்.

இறங்கினேன். கீரை விற்கும் பெண், அந்தக் கட்டடம் நிற்கும் இடம் ஏரியின் ஓரம் என்றாள். அவள் மாமியார் அங்கே நாற்று நட்டவராம். பேசி முடித்து மேலே வந்தபோது என்னிடம் திட்ட ஒன்றும் மிச்சமில்லை. கீரை மட்டும் இரண்டு கட்டு இருந்தது.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: ஓர் ஊரைப் பிடிக்கவில்லை என்று சொல்லுமுன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பேசிவிடுவது. போன ஞாயிறு மகன் வீட்டு வாசலில் காவலுக்கு இருக்கும் அசாம்காரரிடம், உங்கள் ஊரில் எந்த ஆறு என்று கேட்டேன். அரைகுறைத் தமிழில்தான் பேசுவார். அவர் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, தான் நின்றபடியே, வருஷா வருஷம் கரையைத் தின்றுகொண்டு வரும் ஒரு பெரிய ஆற்றைக் கையாலேயே காற்றில் ஓடவிட்டுக் காட்டினார். அவர்கள் வீட்டை இதுவரை மூன்று இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மாடியிலிருந்து மகன் கூப்பிட்டான். "இருடா, ஆறு இன்னும் முடியல" என்றேன்.