யார் பக்கத்தில் உட்கார ஆசை?

எங்கள் பள்ளியின் ஆலோசகருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘மனசு மேடம்’. எதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். பல வருடம் ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே யாரை முதலில் உள்ளே அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுவாராம். பிறகு மாலை வகுப்பில் படித்து இந்த வேலைக்கு வந்தார். நான் கணக்கு வாத்தியார். எனக்கு வாய் சும்மா இருக்காது. “மனசை அளக்க ஸ்கேல் கிடைச்சுதா மேடம்?” என்று வம்புக்கு இழுப்பேன். சிரித்துவிட்டுத் தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றுவார்.

அப்படிப்பட்டவர், பிள்ளைகளின் பழகும் திறனை அளக்கும் தேர்வை இந்தப் பருவம் வைக்க முடியாது என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டார். வேலையே போனாலும் சரியாம்.

அந்தத் தேர்வு பார்க்கப் பரம சாது. யார் பக்கத்தில் உட்கார ஆசை என்று ஒவ்வொரு பிள்ளையும் மூன்று பெயர்களை எழுத வேண்டும். யார் எழுதியதும் வெளியே வராது. ஒருவருமே எழுதாத பிள்ளை யார் என்று தெரிந்தால் அதற்குத் துணையாக நிற்கலாம் என்பதுதான் எண்ணம். நல்ல எண்ணம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

போன பருவம் மேடம் அதை ஏழாம் வகுப்பில் வைத்தார். தாள்களை வாங்கி அலமாரியில் பூட்டினார். பிள்ளைகளின் வாயைப் பூட்ட முடியுமா? இடைவேளை மணி அடித்ததும் நீ யாரை எழுதினாய் என்று ஆரம்பித்துவிட்டார்கள். வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்த சிறுமி ஒருத்தி, கண்ணாடி போட்டவள், தன் பெயரை யாராவது எழுதினார்களா என்று பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கேட்டிருக்கிறாள். கடைசி பெஞ்சு வரை ஒருவரும் எழுதவில்லை. அதுவரை அவளோடு டிபனைப் பகிர்ந்துகொண்டவள்கூட மறுநாள் இடம் மாறிவிட்டாள். இவள் யாருக்கும் வேண்டாதவள் என்பதுதான் வகுப்புக்கே தெரிந்துபோயிற்றே.

மனசு மேடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அவளைக் குழுக்களில் சேர்த்தார், விளையாட்டு வைத்தார், வகுப்போடு பேசிப் பார்த்தார். அவர் நிற்கும்வரை பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொள்வார்கள். அவர் தலை மறைந்ததும் பழைய கதைதான். பருவம் முடிந்ததும் அவளுடைய அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார்.

தலைமையாசிரியர் விடுவதாக இல்லை. எல்லாப் பள்ளியிலும்தான் வைக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன வந்தது என்றார். கால அட்டவணையில் கையெழுத்து வாங்கப் போன நான் ஓரமாக நின்றிருந்தேன். மேடம் மெதுவாகத்தான் பேசினார்.

“சர்டிபிகேட் வாங்க வந்த அன்னிக்கு அந்தப் பொண்ணு என் ரூமுக்கு வந்தா சார். புது ஸ்கூல்லயும் இப்படி எழுதச் சொல்வாங்களான்னு கேட்டா. சொன்னாலும் சொல்வாங்கம்மான்னேன்.”

மேசை மேல் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

“‘அப்ப அங்க நான் என் பேரையே எழுதிக்கலாமா மேடம், ஒண்ணாவது வரும்ல’ன்னு கேட்டா சார்.”