மஞ்சள் முடிச்சுக்குள் கிடந்த கப்பல் காகிதம்

காமாட்சியை நம்பியிருக்கும் சகோதரிகளுக்கு, பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் நான் எழுதுவது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதம். சரக்குக் கப்பலில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் வலது கை முழுக்கக் கட்டோடு வந்து நின்றார். கப்பலைத் துறைமுகத்தில் கட்டும்போது கயிறு அறுந்து அடித்ததில் முழங்கை நொறுங்கிவிட்டது. வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டோ, "விளையாடப் போயி விழுந்துட்டான், நஷ்டஈடு கிடையாது" என்று கையை விரித்துவிட்டான். "நான் பொய் சொல்றனாமா?" என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது.

வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்தேன். அத்தனை கூட்டத்தில் வாயால் சொன்னால் மறந்துவிடுவாளோ என்று, இவர் சட்டைப் பையில் கிடந்த இங்கிலீஷ் காகிதம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன்: "தாயே, இவர் சொல்வதை யாராவது நம்ப வேண்டும்." அதையும் காசோடு சேர்த்து முடிந்து, சாமி படத்தடியில் வைத்தேன்.

அடுத்த மாதம் சென்னையில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். "விபத்தைப் பத்தி கேப்டன் எழுதிக் கையெழுத்து போட்ட காப்பி இருக்குதா?" என்று கேட்டார்.

"குடுத்தாங்கமா. சட்டைப் பையில வெச்சேன், ஆஸ்பத்திரியில எங்கியோ போயிடுச்சி" என்றார் இவர்.

நான் பின்பக்கத்தில் எழுதி முடிந்து வைத்தது அந்தக் காகிதம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேண்டுதல் பலிக்குமுன் முடிச்சை அவிழ்த்தால் சாமி குற்றம். வீட்டுக்கு வந்து அம்மனிடம் சண்டையே போட்டேன். "அவுத்தா உனக்குக் கோவம். அவுக்கலன்னா இவரு பொய்யரு. நான் இன்னாதான் செய்யட்டும்?"

இவர்தான், "நீ கேட்டதுக்குப் பதிலை அவ உள்ளயே வெச்சிருக்கிறா. அவுத்துடுமா" என்றார். அவிழ்த்தேன்.

அறுந்த கயிறு, வேலை நேரம், கேப்டன் கையெழுத்து, எல்லாம் அதில் இருப்பதாக வக்கீலம்மா படித்துச் சொன்னார். வழக்கு ஜெயித்தது. நீதிபதி காகிதத்தைத் திருப்பி, நான் எழுதியதையும் படித்தாராம்!

அந்த நஷ்டஈட்டில்தான் கைக்கு மறுபடி ஆபரேஷன் செய்தோம். பாதிதான் மடங்குகிறது. ஆனாலும் என் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றித் தருகிறார். பழையபடி என்னைக் கிண்டல் செய்கிறார். எனக்கு அது போதும்.

காசு உண்டியலில் சேர்ந்துவிட்டது. காகிதம் கோர்ட்டில் இருக்கிறது. நீங்களும் தயங்காமல் அவளிடம் முறையிடுங்கள், முடிந்து வையுங்கள். காகிதமாக இருந்தால் மட்டும் முதலில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். மறப்பது நாம்தான்.