ஐந்தாவது செம்புத் தோட்டா

அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை, வேட்டைச் சங்கத்தின் இறைச்சிக் கொட்டகையில், ஒரு மூஸ் மானின் தோள்பட்டையிலிருந்து தோட்டாவை வெட்டி எடுத்தோம். கத்தி அப்பாவிடம், தராசு என்னிடம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அப்பா வில்யோ, பின்லாந்தின் காய்னூவில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். நான்கு இலையுதிர் காலமாக அவருக்கு ஒரே கேள்வி: மூஸை வீழ்த்துவதில் செம்புத் தோட்டா ஈயத்துக்குச் சமமா? ஈயம் உள்ளே சிதறும். துணுக்குகள் கறியோடு என் இரண்டு வயது மகளின் தட்டுக்கு வரும். செம்பு சிதறாது, எடையும் குறையாது. ஆனால் செம்பு பட்ட மூஸ் சதுப்பைத் தாண்டி ஓடிவிடும் என்று சங்கமே நம்பியது. செம்புக்கு மாறுவதா என்று அடுத்த வார ஞாயிறு வாக்கெடுப்பு.

ஒரு மூஸுக்கு ஈயம், அடுத்ததற்குச் செம்பு. அடிபட்ட இடத்திலிருந்து விழுந்த இடம்வரை நாடா பிடித்து அளப்பார். அதுவரை ஐந்து ஈயம், நான்கு செம்பு. அன்று செம்பின் முறை.

காலையில் நாய் குரைத்தது. பிர்ச் மரங்களை முறித்துக்கொண்டு ஓர் ஆண் மூஸ் வந்தது. அப்பாவின் ஒரே வெடி. பன்னிரண்டே மீட்டர் ஓடி விழுந்தது!

"பாத்தியாடா கவுக்கோ? செம்புடா!" அப்பா குதித்தார்.

"சும்மா ஆடாத. தோட்டா கைக்கு வரட்டும்" என்றார் சங்கத் தலைவர் கவுக்கோ.

கொட்டகையில் அப்பாவின் விரல்கள் பரபரத்தன. "பத்தரை கிராமுக்கு மேல இருக்கும் பாரு. ஒரு பொட்டு குறையாது."

தராசு 7.9 காட்டியது. தோட்டாவைக் கழுவினார். மேலே செம்பு உறை, நடுவில் சாம்பல் நிறம். ஈயம்.

அவருடைய வேட்டை அங்கியை இரு பக்கமும் போடலாம். பச்சைப் பக்கம் வெளியே இருந்தபோது வலப்பையில் செம்பும் இடப்பையில் ஈயமும் நிரப்பியிருந்தார். காலையில் ஆரஞ்சுப் பக்கமாகத் திருப்பிப் போட்டதும் பைகள் இடம் மாறிவிட்டன. கையுறையோடு, இருட்டில், பார்க்காமலே துப்பாக்கியில் போட்டிருக்கிறார்.

"யாருக்கும் தெரியாதுப்பா" என்றேன். உலோகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற நான்.

"உனக்குத் தெரியும்ல? எடை போட்டதே நீதானே."

உள்ளங்கையில் தோட்டாவோடு வெளியே போனார். "டேய் கவுக்கோ! இது உன் ஈயம்டா. பன்னெண்டு மீட்டரையும் உன் பக்கம் எழுதிக்க."

விவரம் கேட்ட கவுக்கோ சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. "நாலு வருஷ ஆராய்ச்சி, சட்டைய மாத்திப் போட்டதுல போச்சா!"

எல்லோரையும்விடப் பலமாக அப்பாதான் சிரித்தார். பிறகு கவுக்கோ, அப்பா தூரங்களைக் குறித்து வைத்திருந்த அட்டவணையை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"செம்பு பட்டது சராசரி எட்டு மீட்டர்தான் கூட ஓடுதா?"

"அவ்ளோதான்."

"இதையே நீ மறைக்கல. அப்ப மத்ததும் நெசம்தான். அஞ்சாவது செம்ப நான் சுடறேன். பத்துத் தோட்டா குடு, வாக்கெடுப்புக்கு முன்னாடி."

"வெள்ளிக்கிழமை உன் வீட்டுல இருக்கும்!"

வீடு திரும்பும் வழியெல்லாம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

புதன்கிழமை, பேருந்துக் கொட்டகையில், மாரடைப்பு. வயது அறுபத்து மூன்று.

சமையலறை மேசையில் பத்துத் தோட்டாக்கள் இருக்கின்றன. பெட்டியின் மேல் அவர் கையெழுத்தில் கவுக்கோவின் பெயர். இன்று வெள்ளி. கவுக்கோவின் வீடு நாலு கிலோமீட்டர்.